மேடையை விட்டு எறங்கி வட்டத்துல உக்காருங்க: எல்லாரும் பேசுற ஒருநாள் கூட்டம் நடத்துறது எப்படி

சில வருஷத்துக்கு முன்னாடி நாங்க கொஞ்ச பேர் சேர்ந்து பாரம்பரிய விதை வெச்சிருக்கிற விவசாயிங்களுக்கு ஒருநாள் கூட்டம் போட்டோம். எழுபது பேர் கிட்ட வந்திருந்தாங்க. வரவேற்புரை, தலைமை உரை, வாழ்த்துரை, சிறப்புரைன்னு காலையில பத்துக்கு ஆரம்பிச்சு ஒன்றரை வரைக்கும் ஒம்போது பேர் மைக்குல பேசினாங்க, கடைசியில கேள்வி நேரம் பத்து நிமிஷம், அதுலயும் ஒருத்தரே எழுந்து ஏழு நிமிஷம் பேசிட்டாரு. அப்புறம் சாப்பாடு. கை கழுவுற குழாய் பக்கத்துல போனா அங்க ஒரு எட்டு பேர் கூட்டமா நிக்கிறாங்க. நடுவுல ஒரு வயசான அம்மா, சுரைக்கா வெதையையும் பூசணி வெதையையும் சாணியில பொதிஞ்சு சுவத்துல தட்டி எப்படி காய வெக்கிறது, எந்த வெதைக்கு சாம்பல் போடணும், எதுக்குப் போடக் கூடாதுன்னு சொல்லிட்டு இருக்காங்க. ஒருத்தர் டைரியில எழுதிட்டு இருந்தாரு. அன்னைக்கு வந்தவங்களுக்கு உண்மையில உதவின விஷயம் அதுதான், அதுக்கு நாங்க நோட்டீஸ்ல ஒரு வரி கூட ஒதுக்கல. அந்த அம்மா பேரு கூட அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் நான் கூட்டம் போடுற விதத்தையே மாத்திக்கிட்டேன். முதல் தடவை கூட்டம் நடத்தப் போறவங்களுக்காக, அம்பது அறுபது பேர் வர்ற ஒருநாள் நிகழ்ச்சியை மனசுல வெச்சு இதை எழுதுறேன். விவசாயிங்க கூட்டம்னு இல்ல, டீச்சர்ஸ் மீட், வாசகர் வட்டம், சுயஉதவிக் குழு கூட்டம், ஆபீஸ் டீம் மீட்டிங் எதுவா இருந்தாலும் பெரும்பாலும் இதே வேலைதான்.

1. எதுக்குக் கூடுறோம்னு ஒரு கேள்வியா எழுதுங்க

"பாரம்பரிய விதைகள் குறித்த விழிப்புணர்வு"ன்னு எழுதினீங்கன்னா அது தலைப்பு, அதை வெச்சு பேச்சுதான் போட முடியும். அதையே "நம்ம ஒவ்வொருத்தர் கிட்டயும் இருக்கிற விதை அடுத்த வருஷமும் இருக்கணும்னா என்ன பண்ணலாம்?"னு கேட்டீங்கன்னா வர்ற ஒவ்வொருத்தர் கிட்டயும் ஒரு பதில் இருக்கும். கேள்விக்கு வயசான விவசாயியும் பதில் சொல்ல முடியணும், போன வருஷம்தான் ஆரம்பிச்ச பையனும் பதில் சொல்ல முடியணும், அதுதான் நல்ல கேள்விக்கு அடையாளம். ஏற்பாட்டுக் குழுவுல அஞ்சு பேர் இருந்தா அஞ்சு பேரும் தனித்தனியா எழுதிட்டு வாங்க, சேர்த்து வெச்சுப் படிச்சா யாருக்கு எது முக்கியம்னு உடனே தெரிஞ்சிரும், இந்த ஒரு வேலைக்கு ஒரு சாயங்காலம் முழுக்க செலவு பண்ணினாலும் தப்பில்ல.

ஒரு எச்சரிக்கை. முடிவு ஏற்கனவே எடுத்தாச்சு, மத்தவங்களுக்குச் சொல்றதுக்குத்தான் கூப்பிடுறீங்கன்னா, கருத்து கேக்குற மாதிரி கூட்டம் வெக்காதீங்க. நேரா அறிவிச்சிருங்க, ஒரு வாட்ஸாப் மெசேஜ் போதும். கேட்டுட்டு எதையும் எடுத்துக்கலேன்னா அடுத்த தடவை ஜனங்க வர மாட்டாங்க, வந்தாலும் பேச மாட்டாங்க.

2. தேதி

முகூர்த்த நாளா இருந்தா மண்டபமும் கிடைக்காது, பஸ்ஸுலயும் ஏற முடியாது. டெல்டா பக்கம்னா சம்பா அறுப்பு நடக்கிற தை மாசி வேண்டவே வேண்டாம். கிராம சபை நாளையும் விட்டுருங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் ஊர்க்காரங்க அவங்க ஊர்லதான் இருக்கணும். சட்டப்படி எல்லாருக்கும் பேச உரிமை இருக்கிற கூட்டம் அது, நம்ம கூட்டத்துக்காக அதுல இருந்து ஆளை இழுக்கக் கூடாது.

அழைப்புல ரெண்டு விஷயம் கட்டாயம் இருக்கணும். ஒன்னு, முடியிற நேரம். நாலு மணின்னு போட்டா நாலு மணிக்கு முடிக்கணும், ஏன்னா தூரத்துல இருந்து வர்ற பொம்பளைங்க அஞ்சு மணி பஸ்ஸைக் கணக்குப் பண்ணித்தான் வீட்ல சொல்லிட்டு வர்றாங்க. ரெண்டாவது, "இது பேச்சுக் கூட்டம் இல்லை, நீங்களும் பேசணும், உங்ககிட்ட இருக்கிற ஒரு பொருளைக் கொண்டு வாங்க"ன்னு ஒரு வரி. எங்களுக்கு அது ஒரு கைப்பிடி விதை. டீச்சர்ஸ்னா வகுப்புல அவங்களே செஞ்ச ஒரு கருவி, வாசகர் வட்டம்னா அடிக்கோடு போட்ட ஒரு புத்தகம். கையில ஒரு பொருள் இருந்தா கூச்சப்படுறவங்களுக்கும் பேச்சு வந்துரும், பொருளைப் பத்திக் கேட்டா யாரும் சும்மா இருக்க மாட்டாங்க.

3. ஹாலை முன்னாடியே போய்ப் பாருங்க

கூட்டம் நடக்கப் போற அதே நேரத்துக்குப் போங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு எந்தப் பக்கம் வெயில் அடிக்குது, ஃபேன் போட்டா எவ்வளவு சத்தம், தகர ஷீட்டா, பேசினா எதிரொலிக்குதா, நடுவுல தூண் இருக்கா எல்லாம் அப்பதான் தெரியும். பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கா, தண்ணி வருதான்னு நீங்களே உள்ள போய்ப் பாருங்க, பொம்பளைங்க நாள் முழுக்க தண்ணி குடிக்காம உக்காந்திருக்கிற கூட்டத்துல பங்கேற்பைப் பத்திப் பேசி என்ன பிரயோஜனம்.

சேர் போடுறதுதான் பாதி வேலை. வரிசையா போட்டீங்கன்னா எல்லாரும் முன்னாடி இருக்கிறவரோட முதுகைத்தான் பாப்பாங்க, மேடையில இருக்கிறவங்க பேசணும் மத்தவங்க கேக்கணும்னு சேரே சொல்லிரும். வட்டமா போடுங்க. கணக்கு சொல்றேன், ஒரு பிளாஸ்டிக் சேருக்கு இடைவெளியோட சேர்த்து ரெண்டடிக்குக் கொஞ்சம் மேல வேணும். முப்பது பேர் வட்டத்துக்கு இருபதடி விட்டம். அறுபது பேர்னா ரெண்டு வட்டமா, உள்ள 24 வெளிய 36 போட்டா வெளி வட்டம் இருபத்தஞ்சடிக்குள்ள அடங்கிரும், முப்பதுக்கு முப்பது ஹால்ல நடக்கவும் இடம் இருக்கும். உள்ள போக வர நாலு பக்கமும் வழி விடுங்க. கீழ உக்காந்து பழகினவங்க கூட்டம்னா ஜமுக்காளம் விரிச்சிருங்க, அதை விட நல்ல ஏற்பாடு கிடையாது, ஆனா முட்டி வலிக்காரங்களுக்கு நாலஞ்சு சேர் அதே வட்டத்துல இருக்கணும், தனியா ஓரமா போட்டுராதீங்க. நாங்க மகளிர் குழுக்காரங்க கிட்ட இருந்து கத்துக்கிட்டதுல இந்த வட்டம்தான் முதல் பாடம், அவங்க வாரா வாரம் கணக்கு நோட்டை நடுவுல வெச்சு சுத்தி உக்காந்துதான் கூட்டம் நடத்துறாங்க, யாரு எவ்வளவு கட்டினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

மேடை இருந்தா அதுல டீ கேனை வெச்சுக்கோங்க, விதைக் காட்சி வெச்சுக்கோங்க. ஆளை உக்கார வெக்காதீங்க.

வாங்க வேண்டிய சாமான் ரொம்ப இல்ல. சார்ட் பேப்பர் இருபது, ஏ4 பேப்பர் ஒரு நூறு, பட்டையா எழுதுற மார்க்கர் ஒரு டஜன், மாஸ்கிங் டேப், ஒரு கை மணி. சுவத்துல ஒட்டினா பெயின்ட் உரியும்னு மண்டபக்காரர் சொல்லுவாரு, அதனால கொடிக்கயிறும் துணி கிளிப்பும் எடுத்துட்டுப் போயிருங்க, ஹாலுக்குக் குறுக்க ரெண்டு கயிறு கட்டி சார்ட்டைத் தொங்க விட்டா சுவரே வேணாம். ஃபேன் காத்துக்குப் பேப்பர் பறக்கும், நாலு கல்லு பொறுக்கி வெச்சுக்கோங்க.

4. பொன்னாடை விஷயத்தை எப்படிச் சமாளிக்கிறது

புதுசா பண்றவங்க எல்லாரும் கேக்குற கேள்வி இது. நம்ம ஊர்ல ஒரு பெரியவர் வந்தா மரியாதை செய்யாம இருக்க முடியாது, செய்யாம இருக்கவும் கூடாதுன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா அதுக்கு இருபது நிமிஷம், அவ்வளவுதான். சிறப்பு விருந்தினர் கிட்ட ஒரு வாரம் முன்னாடியே நேர்ல போய்ப் பேசுங்க. "ஐயா, இந்தத் தடவை எல்லாரும் வட்டமா உக்காந்து பேசப் போறோம், நீங்களும் எங்களோட உக்காரணும், ஒரு அஞ்சு நிமிஷம் உங்க அனுபவத்தைச் சொல்லிட்டு மத்தவங்க சொல்றதைக் கேக்கணும்"னு. நான் கேட்ட வரைக்கும் ஒருத்தரும் முகம் சுளிச்சதில்ல. மேடையில மூணு மணி நேரம் உக்காந்து ஒம்போது பேச்சு கேக்கிறது அவங்களுக்கும் கஷ்டம்தானே. மாலை மரியாதைக்குப் பதிலா வந்தவங்கள்ல மூத்தவங்க ரெண்டு பேரை, ஒரு அம்மா ஒரு ஐயான்னு, விளக்கேத்த வெச்சிருங்க. அதோட தொடக்க விழா முடிஞ்சுது.

5. காலையில முதல் ஒரு மணி நேரம்

வந்த உடனே பேர் அட்டை கொடுங்க. பேர், ஊர், அதுக்குக் கீழ ரெண்டு வரி: "எனக்குத் தெரிஞ்சது", "நான் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறது". எழுதத் தெரியாதவங்களுக்கு ஒரு வாலன்டியர் பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதிக் கொடுக்கணும், "உங்களுக்கு எழுதத் தெரியுமா"ன்னு கேக்காதீங்க, எல்லாருக்கும் நாங்களே எழுதித் தர்றோம்னு சொல்லிட்டா யாருக்கும் சங்கடம் இல்ல. பட்டம், பதவி அட்டையில வேண்டாம். ஒருத்தர் அட்டையில முனைவர்னு இருந்தா பக்கத்துல இருக்கிறவங்க வாயைத் திறக்க யோசிப்பாங்க.

அப்புறம் அறிமுகம். அறுபது பேரும் ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசினா ஒரு மணி நேரம் போயிரும், பாதிக்கு மேல யார் காதுலயும் ஏறாது. பதினஞ்சு பேரா நாலு சின்ன வட்டமா பிரிஞ்சு உக்காருங்க, ஆளுக்கு ஒன்றரை நிமிஷம், அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். கொண்டு வந்த பொருளைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்க. முதல் பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு ஆளோட குரல் அவரு காதுலயே விழுந்துருச்சுன்னா அந்த நாள் முழுக்க அவரு பேசுவாரு. மத்தியானம் வரைக்கும் சும்மா உக்காந்திருந்தவரை சாயங்காலம் பேச வெக்கிறது ரொம்பக் கஷ்டம், இது நான் திரும்பத் திரும்பப் பாத்தது.

6. அன்னைக்கு என்ன பேசணும்னு வந்தவங்களே முடிவு பண்ணட்டும்

இதைச் சொன்னா ஏற்பாட்டாளர்களுக்கு வயித்தைக் கலக்கும். எனக்கும் முதல் தடவை முந்தின நாள் ராத்திரி தூக்கமே வரல. ஆனா இது ரொம்ப நாளா உலகம் முழுக்க நடக்குற முறை. ஹாரிசன் ஓவன்னு ஒரு அமெரிக்கர், ஒரு பெரிய மாநாட்டை ஒரு வருஷம் உழைச்சு ஏற்பாடு பண்ணியிருக்காரு, முடிஞ்சதும் வந்தவங்க எல்லாரும் காபி இடைவேளைதான் நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. சரி, காபி இடைவேளை மாதிரியே ஒரு மாநாடு பண்ணிருவோம்னு 1985ல கலிஃபோர்னியாவுல மான்டெரேங்கிற ஊர்ல பண்ணினாரு, அதுக்கு ஓபன் ஸ்பேஸ்னு பேரு வந்துச்சு. எங்க குழாயடி கதையும் அவரோட காபி கதையும் ஒன்னுதான். 2005ல பாலோ ஆல்டோவுல சாஃப்ட்வேர்காரங்க ஆரம்பிச்ச பார்கேம்ப்பும் வந்தவங்களே நிகழ்ச்சி நிரல் போடுற இந்த வகைதான், அடுத்த வருஷமே சென்னை வரைக்கும் வந்துருச்சு.

எப்படிப் பண்றதுன்னா, கொடிக்கயித்துல ஒரு பெரிய கட்டம் போட்டு வைங்க. மேல மூணு நேரம், 11:15, 12:00, 2:15ன்னு. பக்கவாட்டுல நாலு இடம், வேப்ப மரத்தடி, திண்ணை, ஹால் வலது மூலை, ஹால் இடது மூலை. ஆகப் பன்னெண்டு கட்டம் காலியா இருக்கும். நடுவுல பேப்பரும் மார்க்கரும். "யாருக்கு எதைப் பத்திப் பேசணுமோ, எதைப் பத்திக் கேக்கணுமோ வந்து எழுதுங்க, எழுதினதைச் சத்தமா படிங்க, பேரைச் சொல்லுங்க, ஒரு கட்டத்துல மாட்டுங்க"ன்னு சொல்லிட்டு நீங்க பேசாம நில்லுங்க. ஒரு நிமிஷம், சில சமயம் ரெண்டு நிமிஷம் யாருமே எழுந்திரிக்க மாட்டாங்க. அந்த அமைதியில நீங்க போய் மைக்கைப் பிடிச்சு எதையாவது பேச ஆரம்பிச்சீங்கன்னா எல்லாம் கெட்டுச்சு. பொறுத்திருங்க. ஒருத்தர் எழுந்ததும் பின்னாடியே நாலு பேர் எழுந்திருவாங்க.

முக்கியமா ஒன்னு சொல்லணும், தலைப்பு போடுறவருக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல. "என் மாப்பிள்ளை சம்பா வருஷா வருஷம் சாஞ்சு போகுது, யாராவது சொல்லுங்க"ங்கிறது கூட ஒரு அமர்வுதான், அதுக்குத்தான் கூட்டம் அதிகமா சேரும். ஒரே மாதிரி ரெண்டு தலைப்பு வந்தா சேர்க்கலாமான்னு ரெண்டு பேரையும் கேளுங்க, வேண்டாம்னா விட்டுருங்க, கட்டாயப்படுத்தினா ஒருத்தர் கேள்வி இன்னொருத்தர் கேள்விக்குள்ள காணாமப் போயிரும்.

ஓவன் சொன்ன விதி ஒன்னு இருக்கு, ரெண்டு கால் விதி. நீங்க இருக்கிற இடத்துல எதையும் கத்துக்கவும் இல்ல, கொடுக்கவும் இல்லேன்னா எழுந்து வேற வட்டத்துக்குப் போயிரலாம். நம்ம ஊர்ல இது அவ்வளவு சுலபமா வராது, ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போது எழுந்து போறது அவமரியாதைன்னுதான் வளர்ந்திருக்கோம். அதனால ஆரம்பத்துலயே எல்லார் முன்னாடியும் அனுமதி கொடுங்க: "எழுந்து போறவங்க ரெண்டு கையையும் கூப்பி ஒரு வணக்கம் வெச்சிட்டுப் போங்க, இருக்கிறவங்க தப்பா நினைக்காதீங்க"ன்னு. அந்த வணக்கம் பெரிய வேலை செய்யுது. போறவருக்கும் உறுத்தல் இல்ல, பேசுறவருக்கும் மனக்கஷ்டம் இல்ல.

ஒரு அமர்வுக்கு நாப்பது நிமிஷம், முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது மணி அடிங்க. ஒவ்வொரு வட்டத்துலயும் ஒருத்தர் குறிப்பு எழுதணும், அதை முதல்லயே கேட்டு வெச்சிருங்க. மூணு பேர்தான் வந்தாங்கன்னு தலைப்பு போட்டவர் வருத்தப்படுவாரு, அவருக்கு ஒன்னு சொல்லுங்க, வந்தவங்கதான் சரியான ஆளுங்கன்னு. அதுவும் ஓவன் சொன்னதுதான். மூணு பேர் வட்டத்துல நடக்கிற பேச்சு இருபது பேர் வட்டத்துல நடக்கவே நடக்காது.

7. கையில வெச்சுக்க வேண்டிய சில முறைகள்

எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க, ரெண்டு போதும்.

பெரிய கூட்டத்துல ஒரு கேள்வி கேட்டா எப்பவும் கை தூக்குற அதே நாலு பேர்தான் பேசுவாங்க. அதுக்கு மருந்து இது. முதல் ஒரு நிமிஷம் ஆளாளுக்கு மனசுக்குள்ள யோசிக்கிறது, அடுத்த ரெண்டு நிமிஷம் பக்கத்துல இருக்கிறவரோட பேசுறது, அப்புறம் நாலு நிமிஷம் ரெண்டு ஜோடி சேர்ந்து நாலு பேரா பேசுறது, கடைசி அஞ்சு நிமிஷம் ஒவ்வொரு நாலு பேர்லயும் ஒருத்தர் எழுந்து ஒரே ஒரு விஷயம் சொல்றது. பன்னெண்டு நிமிஷத்துல அறுபது பேரும் பேசியிருப்பாங்க. செலவே இல்லாத முறை, ஆபீஸ் மீட்டிங்ல கூட நாளைக்கே பண்ணலாம்.

வேர்ல்ட் கஃபேன்னு ஒன்னு, ஜுவானிட்டா பிரவுன், டேவிட் ஐசக்ஸ்னு ரெண்டு பேர் வீட்ல 1995ல மழையில மாட்டிக்கிட்ட ஒரு கூட்டத்துல தற்செயலா பிறந்தது. நாலஞ்சு பேர் ஒரு மேஜை, மேல விரிச்ச பேப்பர்ல பேசுறதைக் கிறுக்கிக்கிட்டே பேசணும், இருபது நிமிஷம் ஆனதும் ஒருத்தர் மட்டும் அங்கேயே இருக்க மத்தவங்க வேற வேற மேஜைக்குக் கலைஞ்சு போகணும், இருந்தவர் புதுசா வர்றவங்களுக்கு முன்னாடி பேசினதைச் சொல்லணும். மேஜை இல்லேன்னா பாய் போட்டு நடுவுல சார்ட்டை விரிங்க, இன்னும் நல்லாவே நடக்கும்.

சூடான விஷயம் இருந்தா, ரெண்டு கருத்து முட்டிக்கிட்டு நின்னா, மீன்தொட்டி முறை. நடுவுல அஞ்சு சேர், நாலுல ஆள், ஒன்னு காலி. நடுவுல இருக்கிறவங்க மட்டும்தான் பேசலாம். பேசணும்னு தோணுறவர் போய் காலி சேர்ல உக்காரணும், உடனே உள்ள இருக்கிற ஒருத்தர் எழுந்து வெளிய வரணும். ஒருத்தரை ஒருத்தர் வெட்டிப் பேசுறது தானா குறைஞ்சிரும்.

எது முக்கியம்னு முடிவு பண்றதுக்கு புளியங்கொட்டை. ஆளுக்கு மூணு, சார்ட்டுகளைத் தரையில வரிசையா வெச்சு எதுல போடணுமோ போட்டுட்டு வரட்டும். படிக்கத் தெரியாதவங்களுக்குப் படம் வரைஞ்சு வைங்க. ராபர்ட் சேம்பர்ஸ்ங்கிற இங்கிலாந்து ஆய்வாளரும் இங்க மைராடா மாதிரி தொண்டு நிறுவனங்கள்ல வேலை பாத்தவங்களும் சேர்ந்து வளர்த்த கிராமப் பங்கேற்பு முறைகள்ல இந்த மாதிரி விதை வெச்சு எண்ணுறது, தரையில கலர் பொடியால ஊர் வரைபடம் போடுறது எல்லாம் உண்டு. கோலமாவை கையில கொடுத்து "உங்க ஊர்ல தண்ணி எங்க இருந்து எங்க போகுது போட்டுக் காட்டுங்க"ன்னு சொல்லிப் பாருங்க, மைக்கைக் கண்டா ஒதுங்குற அம்மாதான் முதல்ல குனிஞ்சு கோடு போடுவாங்க.

8. பேசாதவங்களும், நிறைய பேசுறவங்களும்

முறை எல்லாம் யார் வேணா கத்துக்கலாம். உண்மையான வேலை இங்கதான் இருக்கு.

யாரு பேசலேன்னு பாருங்க. பெரும்பாலும் பொம்பளைங்க, சின்னப் பசங்க, நிலம் இல்லாத கூலிக்காரங்க, ஊர்ல எப்பவும் ஒதுக்கியே வெச்சிருக்கிற தெருக்காரங்க. வட்டமா சேர் போட்டுட்டா எல்லாம் சமம் ஆயிராது, ஊர்ல இருக்கிற மேடு பள்ளம் எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளயும் வரும். ஒரே ஊர்க்காரங்க ஒரே பக்கம் உக்காந்தா ஊர்ல யாருக்கு யார் அடங்கணுமோ அங்கயும் அப்படியே நடக்கும். அதனால சின்ன வட்டம் பிரிக்கும்போது நம்பர் சொல்லிப் பிரிங்க, ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணிட்டே போனா ஊரும் உறவும் கலைஞ்சிரும். நிலக்காரர் முன்னாடி அவர்கிட்ட வேலை பாக்குறவங்க கூலியைப் பத்திப் பேச மாட்டாங்க, மேனேஜர் முன்னாடி டீம் பேசாது. அந்த மாதிரி விஷயத்துக்குத் தனி வட்டம் போடுங்க, என்ன பேசினாங்கங்கிறது மட்டும் பெரிய வட்டத்துக்கு வரட்டும், யார் சொன்னாங்கங்கிறது வரக் கூடாது. இதுல நான் கொஞ்சம் கூட விட்டுக் கொடுக்க மாட்டேன், ஏன்னா கூட்டம் முடிஞ்சு நாம கிளம்பிருவோம், சொன்னவங்க அந்த ஊர்லயேதான் இருக்கணும்.

பெண்கள் மட்டும் இருக்கிற ஒரு வட்டத்தை காலையில முதல்ல வைங்க, பேசிப் பழகிட்டு அப்புறம் பொது வட்டத்துக்கு ரெண்டு மூணு பேரா சேர்ந்து வருவாங்க. குழந்தைங்களுக்கு ஒரு மூலையில பாய், கலர் பென்சில், பாத்துக்க ஒரு ஆள். ஆம்பள வாலன்டியர் அங்க உக்காந்தா இன்னும் சந்தோஷம்.

பேசுற வரிசையில வயசுல சின்னவங்களை முதல்ல விடுங்க. பெரியவர் ஒருத்தர் முதல்ல பேசிட்டா அதுக்கு மேல எல்லாரும் "ஐயா சொன்ன மாதிரி"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.

மைக் முடிஞ்ச வரைக்கும் வேண்டாம். பெரிய வட்டத்துக்குத் தேவைன்னா ஒரு கார்ட்லெஸ் மைக், அதை வாலன்டியர் கையில வெச்சுக்கிட்டு நீட்டணும், ஆள் கையில கொடுத்துட்டா திரும்ப வாங்குறது பெரும்பாடு. சின்ன வட்டத்துல ஒரு தேங்காயோ சொம்போ சுத்தி வரட்டும், அது யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும், பேச இஷ்டம் இல்லேன்னா பக்கத்துல கொடுத்துரலாம். ரெண்டாவது சுத்துல பாதிப் பேர் பேசிருவாங்க.

நிறைய பேசுறவரை விரோதியா பாக்காதீங்க. பாதி நேரம் அவருக்கு உண்மையிலேயே விஷயம் தெரியும், வேற எங்கயும் அவரை யாரும் உக்காந்து கேட்டதில்ல, அதனாலதான் கிடைச்ச இடத்துல கொட்டுறாரு. பேசி முடிக்கிற இடத்துல நீங்களே "ஐயா, நீங்க சொன்னதுல இந்த ஒரு விஷயம் முக்கியம், எழுதிக்கிறேன்"ன்னு சொல்லி அவர் கண்ணு முன்னாடி சார்ட்ல எழுதுங்க. எழுதினதைப் பாத்ததும் பலர் நிறுத்திருவாங்க. அப்பவும் நிக்கலேன்னா ஒரு தலைப்பு போட்டு தனி அமர்வு எடுக்கச் சொல்லுங்க, கேக்க விருப்பம் இருக்கிறவங்க அங்க போவாங்க.

9. டீயும் சாப்பாடும்

டீ பிரேக் அரை மணி நேரம், குறைக்காதீங்க. அறுபது பேருக்கு ஒரே கேன் வெச்சா கடைசி ஆள் டீ வாங்கும்போது மணி அடிச்சிரும், அதனால ரெண்டு இடத்துல வைங்க. சாப்பாடு பந்தி போட முடிஞ்சா பந்திதான், பக்கத்துல யார் உக்காருறாங்களோ அவங்களோட இருபது நிமிஷம் பேசுவீங்க. தட்டு ஏந்தி நின்னு சாப்பிட்டா தெரிஞ்சவங்க தெரிஞ்சவங்களோடவே ஒதுங்கிருவாங்க. எல்லாரும் ஒரே பந்தி, வி.ஐ.பி.க்குத் தனி ரூம் கிடையாது.

சாப்பிட்ட உடனே பேச்சு வெக்காதீங்க, எப்படிப்பட்ட பேச்சாளரா இருந்தாலும் ரெண்டு மணிக்குக் கண்ணு சொருகும். காலையில பழகாத ஒருத்தரோட ஜோடியா ஒரு பதினஞ்சு நிமிஷம் நடந்துட்டு வரச் சொல்லுங்க, நடக்க முடியாதவங்க விதைக் காட்சி பக்கத்துல உக்காந்து பேசட்டும்.

10. ஆன்லைன்ல பண்ணினா

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போகாதீங்க. ஜூம்ல பிரேக்அவுட் ரூம் இருக்கு, மூணு பேர் நாலு பேரா பிரிச்சு விடுங்க, போறதுக்கு முன்னாடியே கேள்வியை சாட்ல போட்டுருங்க, உள்ள போனதும் மறந்திரும். எல்லாரையும் சாட்ல ஒரு வரி டைப் பண்ணச் சொல்லி, நான் சொன்னப்புறம் ஒரே நேரத்துல அனுப்புங்கன்னு சொன்னீங்கன்னா ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிக்காம உண்மையான பதில் வரும். நெட் சரியில்லாதவங்களைக் கேமராவை ஆன் பண்ணச் சொல்லி வற்புறுத்தாதீங்க.

11. முடிக்கிறது

மூணு மணிக்கு எல்லா அமர்வும் முடிஞ்சிரணும், கடைசி ஒரு மணி நேரம் பெரிய வட்டத்துக்கு. சார்ட் எல்லாம் கயித்துல தொங்கட்டும், முதல்ல பதினஞ்சு நிமிஷம் எல்லாரும் சும்மா நடந்து படிக்கட்டும். ஒவ்வொரு குழுவும் வந்து அறிக்கை வாசிக்கிற வேலை வேண்டாம், பன்னெண்டு அறிக்கை கேக்குற தெம்பு அந்த நேரத்துல யாருக்கும் இருக்காது.

அப்புறம் ஒரே கேள்வி: "அடுத்த ஒரு மாசத்துல நீங்க என்ன பண்ணப் போறீங்க, யாரோட சேர்ந்து?" சங்கம் செய்ய வேண்டும், அரசு செய்ய வேண்டும்னு வர்றதைத் தனி சார்ட்ல எழுதுங்க. நான் செய்றேன்னு வர்றதை மட்டும் பேர், தேதி, போன் நம்பரோட நோட்டுல எழுதுங்க. கூட்டத்தைப் பத்தி எது சரியில்லேன்னும் கேளுங்க, அட்டையில எழுதிப் பெட்டியில போடச் சொன்னா உண்மையைச் சொல்லுவாங்க. நன்றியுரைல பேர்ப் பட்டியல் வாசிக்காம சமைச்சவங்க, பாத்ரூம் கழுவினவங்க, சேர் போட்டவங்க எல்லாரையும் வட்டத்துக்கு நடுவுல கூப்பிட்டுக் கை தட்டுங்க. நாலு மணிக்கு விட்டுருங்க.

12. அதுக்கப்புறம்

அன்னைக்கு ராத்திரியே எல்லா சார்ட்டையும் போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்ல போடுங்க. அழகா டைப் பண்ணி ரிப்போர்ட் போடுறேன்னு தள்ளிப் போட்டா வரவே வராது. படிக்க முடியாதவங்களுக்காக ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் பேசி அனுப்புங்க, இதுக்கு எங்களுக்குக் கிடைச்ச நன்றி வேற எதுக்கும் கிடைச்சதில்ல.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல, பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரிச்ச நெல் ஜெயராமன் நடத்தின நெல் திருவிழாவுல ஒரு ஏற்பாடு உண்டு, ரெண்டு கிலோ விதை வாங்கிட்டுப் போற விவசாயி அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் கொடுக்கணும். ஒரு கூட்டத்தை அடுத்த கூட்டத்தோட கட்டி வெக்கிறதுக்கு இதை விட நல்ல வழி நான் பாத்ததில்ல, வாங்கினவர் அடுத்த வருஷம் வரும்போது கொடுக்கிறவரா வர்றாரு. நாங்களும் அதை எங்க அளவுக்கு எடுத்துக்கிட்டோம். யாரு யார் கிட்ட இருந்து என்ன விதை வாங்கினாங்க, என்ன விஷயம் கத்துக்கிட்டாங்கன்னு ஒரு நோட்டு இருக்கு. சரியா முப்பதாவது நாள் ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணுவோம், ஆளுக்குப் பத்து நம்பர்னு பிரிச்சுக்குவோம். கேக்கிறது ரெண்டே கேள்விதான், விதை முளைச்சுதா, கத்துக்கிட்டதை வேற யாருக்காவது சொல்லிக் கொடுத்தீங்களா. முளைக்கலேன்னு சொன்னா கொடுத்தவங்க நம்பரைக் கொடுத்து பேசச் சொல்லுவோம். போன தடவை என் பங்குக்கு வந்த பத்து நம்பர்ல மூணு பேர் ஒரே ஆளைத்தான் சொன்னாங்க, அந்த சாணி தட்டுற அம்மாவை. அவங்ககிட்ட சுரைக்கா வெதை தீர்ந்து போச்சாம், அடுத்த கூட்டத்துக்குக் கொஞ்சம் அதிகமா எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.